நாமக்கல் பக்கம் ஏன் இத்தனை ஹாஸ்டல் பள்ளிகள்?

தஞ்சாவூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்தில் மட்டும் ஏன் இத்தனை தனியார் ஹாஸ்டல் பள்ளிகள்? யார் ஆரம்பித்தார்கள்? உள்ளே பிள்ளைகளுக்கு ஒரு நாள் எப்படிப் போகிறது? பத்தாவது முடித்திருக்கும் தன் மகளை அங்கே கொண்டுவந்து விடலாமா?

1995 முதல் 2019 வரை அந்த வட்டாரத்தில் இரண்டு பள்ளிகளில் வேதியியல் வாத்தியாராக இருந்தேன். அதில் பாதிக் காலம் ஹாஸ்டல் வளாகத்திலேயே குடியிருந்தேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும். மகளைப் பற்றிய கேள்வியைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். இந்தப் பள்ளிகளை எல்லோரும் 'பிராய்லர் பள்ளிகள்' என்று திட்டுவார்கள். பிராய்லர் என்றால் கறிக்கோழி, அதற்குப் பேர் போனது பல்லடம். நாமக்கல் முட்டைக்கோழி ஊர். இது வெறும் ஊர்ப் பெருமை இல்லை, விஷயம் இருக்கிறது. முட்டைக்கோழிக்கு ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும் என்பார்கள். பொழுது சாய்ந்த பிறகும் கொட்டகையில் விளக்குப் போட்டு அந்தக் கணக்கைச் சரிக்கட்டுவார்கள். எங்கள் ஹாஸ்டலில் காலை 5 மணிக்குப் போட்ட டியூப்லைட்டை இரவு 10.30க்குத்தான் அணைப்போம். பதினேழரை மணி நேரம். திட்டுவதென்றால் சரியான கோழியைச் சொல்லித் திட்டலாம்.

சரி, வரலாறு. கொங்கு நாட்டில் பள்ளிக்கூடம் வளர்ந்த கதையை 'பங்கு' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

இந்தப் பக்கம் பெரும்பாலும் மேட்டாங்காடு. கிணற்றில் கவலை ஓட்டி, அதாவது மாடு பூட்டித் தண்ணீர் இறைத்தால்தான் வெள்ளாமை. எட்டு வயதுப் பையன் எருமை மேய்க்கவும் கவலை ஓட்டவும் தேவைப்பட்டான். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்தும் கணக்கும் வந்துவிட்டால் போதும் என்று கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கோயமுத்தூரில் ராபர்ட் ஸ்டேன்ஸ் 1862ல் பள்ளி ஆரம்பித்தார், ஏற்காட்டில் மான்ட்ஃபோர்ட் 1917ல் வந்தது. இவையெல்லாம் வெள்ளைக்காரர், ஆங்கிலோ இந்தியர் பிள்ளைகளையும், பிற்பாடு மில்காரர், எஸ்டேட்காரர் வீட்டுப் பிள்ளைகளையும் பார்த்த இடங்கள். காட்டு வேலைக்காரருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நம்மாள் பள்ளி என்று வந்தது பஞ்சாலைப் பணத்தில்தான். பீளமேட்டில் சர்வஜன உயர்நிலைப் பள்ளி 1924ல் தொடங்கியது. பேரிலேயே இருக்கிறது பாருங்கள், எல்லா ஜனத்துக்கும் என்று. இரண்டு வருடம் கழித்து, 1926ல், பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்களும் சொத்தை நான்காகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு. பி.எஸ்.ஜி. என்று நாம் இன்று சொல்லும் அத்தனை கல்வி நிலையங்களும் அந்த ஐந்தாவது பங்கிலிருந்து முளைத்தவைதான்.

ஹாஸ்டலில் தங்கிப் படிப்பதும் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. தி.சு. அவிநாசிலிங்கம் 1930ல் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கினார். பெரியநாயக்கன்பாளையத்தில் அதற்கு அடிக்கல் வைத்தவர் காந்தி, 1934ல். பின்னால் சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தவரும் இதே அவிநாசிலிங்கம்தான். குருகுலம் மாதிரியான இடம். மாணவர்கள் தாங்களே கூட்டிப் பெருக்கி, தாங்களே வட்டல் கழுவிக்கொள்ள வேண்டும். நூல் நூற்பதும் தோட்ட வேலையும் பாடத்தோடு பாடம். எங்கள் ஹாஸ்டலில் பிள்ளைகள் வட்டலைக் கழுவினால் நேரம் வீணாகிறது என்று ஆள் போட்டிருந்தார்கள். இரண்டும் ஹாஸ்டல் பள்ளிதான்.

பழைய பள்ளிகளில் பெரும்பாலானவை அரசு உதவி பெறுபவை. கட்டடமும் நிலமும் தர்மகர்த்தாக்களுடையது, வாத்தியார் சம்பளம் அரசாங்கத்துடையது. நானே அப்படி ஒரு பள்ளியில் ஐந்தாவது முதல் பத்தாவது வரை கிட்டத்தட்டச் சும்மா படித்தவன். 1991-92 முதல் தொடங்கிய பள்ளிகளுக்கு மானியம் கிடையாது என்று சட்டமே வந்துவிட்டது. அதற்கப்புறம் வந்த பள்ளி எதுவானாலும் ஃபீஸை நம்பித்தான் பிழைக்க வேண்டும். தர்மப் பங்கு போய் வியாபாரப் பங்கு வந்தது இங்கேதான்.

பணம் எங்கிருந்து வந்தது? நாமக்கல்லில் லாரி, முட்டை. திருச்செங்கோட்டில் ரிக் வண்டி; ஆழ்துளைக் கிணறு போட அந்த ஊர் வண்டிகள் போகாத மாநிலம் இல்லை. சங்ககிரியில் மறுபடி லாரி. இந்தத் தொழில்கள் எதிலும் ஒற்றை ஆள் முதல் போடுவது குறைவு. அண்ணன் தம்பி, மச்சினன், பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்று நாலைந்து பேர் கூட்டாக வண்டி எடுப்பார்கள், கணக்குப் பார்த்துப் பிரித்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் கல்விக்கும் வந்தது. 1984ல் பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரியை 41 பேர் சேர்ந்த ஒரு அறக்கட்டளை தொடங்கியது. அதைப் பார்த்த பலருக்கும் நாமும் கூடினால் முடியும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

நான் முதலில் சேர்ந்த பள்ளியில் பதினொரு பங்குதாரர்கள். சட்டப்படி பள்ளியை லாபத்துக்கு நடத்தக் கூடாது, டிரஸ்டோ சங்கமோதான் நடத்த வேண்டும். அதனால் காகிதத்தில் அவர்கள் டிரஸ்டிகள், பேச்சில் பார்ட்னர்கள். இரண்டு பேர் கோழிப் பண்ணை, ஒருவர் லாரி, ஒருவர் ஜவுளி, மற்ற ஏழு பேர் வாத்தியார்கள். ஆமாம், வாத்தியார்கள்தான். வீட்டு மாடியில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தவர்களும் வேலையை விட்டுவிட்டு வந்தவர்களும். பணக்காரரிடம் பணமும் வாத்தியாரிடம் பேரும் இருந்தது. இரண்டையும் சேர்த்து ஊருக்கு வெளியே பத்து ஏக்கர் மேட்டாங்காட்டை வாங்கி, ஷெட் போட்டு, போர்வெல் போட்டுப் பள்ளியை ஆரம்பித்துவிட்டார்கள். இந்தப் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிகளை வெறும் முதலாளிகள் கட்டியதாக நினைப்பது பாதிதான் சரி. கணிதம், இயற்பியல் வாத்தியார்களுடைய ஆசையும் அதில் சமபங்கு.

பணமும் ஆசையும் எல்லா ஊரிலும் உண்டு. இந்தப் பள்ளிகளைக் கொழிக்க வைத்தது பரீட்சை விதி.

மேல்நிலைக் கல்வி 1978ல் வந்தது, முதல் பிளஸ் டூ பொதுத் தேர்வு 1980ல். அதே காலத்தில் மெட்ரிக் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களின் பிடியிலிருந்து மாநில அரசின் கீழ் வந்தன. 1984 முதல் மருத்துவம், பொறியியலுக்கு மாநில நுழைவுத் தேர்வு. மொத்தம் 300க்குக் கணக்கு: பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100. அப்போது கோயமுத்தூரிலும் ஈரோட்டிலும் கோச்சிங் சென்டர்கள்தான் பெரிய விஷயம். ஹாஸ்டல் பள்ளி இரண்டாம் இடம்.

2007 சேர்க்கையிலிருந்து நுழைவுத் தேர்வு ரத்தானது. கிராமத்துப் பிள்ளைக்குக் கோச்சிங் போக வசதியில்லை என்பது காரணம், நியாயமான காரணம்தான். ஆனால் அதன் பிறகு மருத்துவ இடத்தைத் தீர்மானித்தது பிளஸ் டூ மதிப்பெண் மட்டும். உயிரியலின் 200 மதிப்பெண்ணை 100 ஆக்குவார்கள், இயற்பியலையும் வேதியியலையும் தலா 50 ஆக்குவார்கள், ஆக 200. என் பாடத்தில் ஒரு மார்க் போனால் கால், உயிரியலில் ஒரு மார்க் போனால் அரை. 199.25லும் 199.5லும் எத்தனையோ பேர் வரிசை கட்டி நிற்பார்கள். ஒரு ஒன்-மார்க் கேள்வியில் எந்த ஊர்க் கல்லூரி என்பதே மாறிவிடும். எங்கள் வட்டாரத்துக்கு 2007 முதல் 2016 வரை பொற்காலம். ராமநாதபுரத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் மஞ்சள் பையோடு அப்பாக்கள் வந்து இறங்கினார்கள்.

ஏனென்றால், புத்தகத்துக்குள்ளிருந்தே கேள்வி வரும் பரீட்சையில் ஒரு மார்க் கூட விடாமல் எடுக்க வைப்பது ஒரு கைத்தொழில். அந்தத் தொழில் எங்களுக்கு வரும்.

எப்படி என்று கேட்டால், நான் செய்ததையே சொல்கிறேன். வேதியியல் எழுத்துத் தேர்வு 150க்கு, செய்முறை 50க்கு. 150ல் 30 ஒன்-மார்க். 'புக் பேக்' கேள்விகள் அத்தனையையும் பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். கேள்வியை நான் பாதி படிக்கும்போதே 'ஆப்ஷன் சி சார்' என்று குரல் வரும். தினமும் காலையில் ஸ்லிப் டெஸ்ட், சாயங்காலம் ஒரு டெஸ்ட், ஜனவரியிலிருந்து ரிவிஷன் ஒன்று, இரண்டு, மூன்று என்று போகும். சென்டம் எடுக்கிறவன் ஒரு செக்‌ஷன், பார்டர் கேஸ் வேறு செக்‌ஷன். ஒரே பாடத்தை ஒரு பிள்ளை வருடத்தில் முப்பது தடவை எழுதியிருக்கும்.

அந்த முப்பது தடவைக்கு நேரம் எங்கே கிடைத்தது? பதினொன்றாம் வகுப்பைத் திருடித்தான். ஜூனில் பிளஸ் ஒன் சேர்வார்கள், ஆகஸ்ட் வரை ஒப்புக்கு அந்தப் பாடம் ஓடும், பிறகு பிளஸ் டூ புத்தகத்தை எடுத்துவிடுவோம். தனிம வரிசை அட்டவணையை நான் மூன்றே பீரியடில் முடித்திருக்கிறேன். அடித்தளமே இல்லாமல் மாடி கட்டினோம். மாடி நிற்கவும் செய்தது, அதுதான் வேடிக்கை. இன்ஜினியரிங் முதல் வருடத்தில் திணறுகிறேன் என்று பழைய மாணவன் ஒருவன் போனில் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. 1200க்கு 1180க்கு மேல் எடுத்தவன்.

தமிழையும் அப்படித்தான் செய்தோம். மார்க் சுலபம் என்று மேல்நிலையில் பிரெஞ்சு எடுத்தவர்கள் ஏராளம். அன்னூர்ப் பையன், வீட்டில் 'ஏனுங்க, வாங்க' என்று பேசுகிறவன், பள்ளியில் பிரெஞ்சு வினைச்சொல் மனப்பாடம் செய்துகொண்டிருப்பான்.

இப்போது ஒரு நாள். காலை 5 மணிக்கு விசில். வார்டன் கட்டில் கட்டிலாகத் தட்டிக்கொண்டு போவார். 5.15க்கு ஸ்டடி ஹாலில் உட்கார்ந்திருக்க வேண்டும். பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள், ஸ்டடி டியூட்டியில் இருக்கும் நானும் தூங்கியிருக்கிறேன். 6.45க்குக் குளியல், பத்துக் குழாய்க்கு எண்பது பேர். 7.30க்கு டிபன், எட்டேகாலுக்கு ஸ்லிப் டெஸ்ட், பிறகு நாலரை வரை வகுப்பு. அப்புறம் சுண்டலோ பிஸ்கட்டோ, முக்கால் மணி நேரம் விளையாட்டு. பப்ளிக் பரீட்சை நெருங்க நெருங்க அந்த முக்கால் மணி அரை மணியாகி, பொங்கலுக்குப் பிறகு காணாமலே போய்விடும். ஆறு மணியிலிருந்து டெஸ்ட், ஸ்டடி, எட்டு மணிக்குச் சாப்பாடு, மறுபடி ஸ்டடி, பத்தரைக்கு விளக்கு அணையும்.

சாப்பாட்டை எல்லோரும் குறை சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன். முட்டைக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை, வாரத்துக்கு நாலு நாள் உண்டு. புதன்கிழமை ராத்திரி அரிசிம்பருப்புச் சாதம். வெளியூர்ப் பிள்ளைகள் முதல் மாதம் 'இது என்ன சாம்பார் சாதமா, பொங்கலா' என்று முழிப்பார்கள், அரையாண்டுக்குள் நெய் கேட்டு இரண்டாவது தடவை வரிசையில் நிற்பார்கள். மெஸ்ஸில் இருந்த ஒரு அம்மா எந்தப் பிள்ளை சாப்பிடாமல் எழுந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். 'ஏங் கண்ணு, ஊட்டு நெனப்பா?' என்பார். எங்கள் வளாகத்தில் கவுன்சிலர் என்று தனியாக ஒருவரைப் போட்டது ரொம்பப் பின்னால். அதுவரை அந்த வேலையைச் செய்தது அந்த அம்மாதான், அதற்கென்று தனிச் சம்பளம் இல்லாமல்.

மாதத்தில் ஒரு ஞாயிறு பெற்றோர் வரும் நாள். காலை பத்து மணிக்கே கேட்டில் கூட்டம். தூக்குப்போசியில் நாட்டுக்கோழிக் குழம்பு, எவர்சில்வர் டப்பாவில் ஒப்புட்டு. புளிய மரத்தடியில் பெட்ஷீட் விரித்து, பிளஸ் டூ படிக்கிற மீசை முளைத்த பையனுக்கு அம்மா ஊட்டிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அப்பா அந்த நேரத்தில் ரேங்க் கார்டோடு என்னைத் தேடி வருவார். 'ஏனுங் சார், பையன் எப்படிங்க, டாக்டர் ஆயிருவானுங்களா?' இரண்டு மாடு விற்று ஃபீஸ் கட்டியவரிடம் என்ன சொல்வது? 'இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணணுங்க' என்பேன். அது எல்லா அப்பாவுக்கும் பொருந்தும் பதில்.

லீவு கிடைக்காத பெரிய துக்கம் ஊர் நோம்பி, அதாவது ஊர்த் திருவிழா. மாரியம்மன் சாட்டியதும் பிள்ளைகள் நிலைகொள்ள மாட்டார்கள். கம்பம் நட்டிருப்பார்கள், தீர்த்தக்குடம் எடுப்பார்கள், பையன் மட்டும் இங்கே கரிம வேதியியல். ஒரு வருடம் ஒன்பது மணி ஸ்டடியில் ஒரு பையன் குறைந்தான். சுவரேறிக் குதித்து, லாரியில் கைகாட்டி ஏறி, கம்பத்தாட்டம் முடிவதற்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான். லாரி ஓட்டியவரும் அதே நோம்பிக்குப் போய்க்கொண்டிருந்தாராம். மறுநாள் அவனுடைய தாத்தாவே கூட்டிவந்து விட்டார். நிர்வாகம் டி.சி. கொடுக்கிறேன் என்றது. 'சாமி கும்புடத்தானுங் வந்தான், சினிமாவுக்கா போனான்' என்று தாத்தா கேட்டதற்கு ஆபீஸில் யாரும் பதில் சொல்லவில்லை. டி.சி.யும் கொடுக்கவில்லை.

எல்லாக் கதையும் இப்படிச் சிரிப்பில் முடிந்ததில்லை. ராத்திரி கழிவறையில் உட்கார்ந்து அழுத பிள்ளைகளைத் தேடிக் கூட்டி வந்திருக்கிறேன். வாராவாரம் ரேங்க் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லி இரண்டு தடவை மீட்டிங்கில் பேசினேன், 'ரிசல்ட் குறைஞ்சா நீங்க பொறுப்பா சார்?' என்றார்கள். நான் பொறுப்பேற்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

வாத்தியார் வாழ்க்கையையும் இரண்டு வரி சொல்ல வேண்டும். சேரும்போது ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள், நடு வருடத்தில் ஓடிவிடக் கூடாதென்று. என்னுடையது ஆறு வருடம் அலமாரியில் இருந்தது. இளம் வாத்தியார்கள் அரசுப் பள்ளி வேலைக்கான டி.ஆர்.பி. தேர்வுக்கு ரகசியமாகப் படிப்பார்கள், அரசு வேலை வந்ததும் இனிப்புக் கொடுத்துவிட்டுக் கிளம்புவார்கள். ஆனால் சென்டம் வாங்கித் தரும் வாத்தியாருக்கு இங்கே சினிமா நடிகர் மதிப்பு. மே மாதத்தில் பக்கத்துப் பள்ளியிலிருந்து கார் வரும்.

பிறகு அரசாங்கம் ஒவ்வொரு திருகாக முடுக்கியது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16ல் 94 குழந்தைகள் தீயில் போன பிறகு கூரைக் கொட்டகைகள் ஒழிந்தன. எங்கள் மெஸ்ஸும் அது வரை தென்னங்கீற்றுத்தான். ஃபீஸ் நிர்ணயக் குழுவுக்கான சட்டம் 2009ல். சமச்சீர்க் கல்வி 2011ல் வந்ததும் மெட்ரிக் என்பது பெயர்ப் பலகையில் மட்டும் மிச்சம். 2017ல் ரேங்க் அறிவிப்பை நிறுத்தினார்கள். பேப்பரில் முழுப்பக்கம் வரும் பிள்ளைகள் படம் அதோடு போயிற்று. பதினொன்றாம் வகுப்பைத் திருடுவதைத் தடுக்க 2017-18ல் அதற்கும் பொதுத் தேர்வு கொண்டுவந்தார்கள். எனக்கு அதில் முழு சம்மதம். மறுபடி தனிம வரிசை அட்டவணையை நிதானமாக நடத்தினேன். 2025ல் அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய அடி நீட். 2017லிருந்து மருத்துவச் சேர்க்கைக்கு பிளஸ் டூ மதிப்பெண் செல்லாது. முப்பது தடவை எழுதிப் பழகிய கை, நாலு விடையில் ஒன்றை ஒரு நிமிடத்துக்குள் தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில் தடுமாறியது. நாமக்கல் முடிந்தது என்றார்கள். முடியவில்லை. லாரித் தொழிலில் ஒரு ரூட் அடைந்தால் இன்னொரு ரூட் பிடிப்பது போல, ஒரே வருடத்தில் பலகை மாறிவிட்டது. சி.பி.எஸ்.இ. பிரிவு தொடங்கினார்கள், ஆந்திராவிலிருந்து வாத்தியார்களைக் கூட்டி வந்தார்கள், பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு வருடம் நீட்டுக்கு மட்டும் படிக்கும் ரிப்பீட்டர் பேட்ச் வந்தது. ஸ்லிப் டெஸ்ட் பேப்பரில் கட்டுரை போய், விடைக்கு நிரப்பும் வட்டம் வந்தது. டியூப்லைட் மட்டும் அதே பதினேழரை மணி நேரம் எரிந்தது. 2019ல் நான் வெளியே வந்துவிட்டேன்.

இனி உங்கள் மகள். அவளுக்கு எது பிடிக்கும் என்று நீங்கள் எழுதவில்லை, அதை முதலில் அவளிடம் கேளுங்கள். கேட்ட பிறகும் ஹாஸ்டல் பள்ளிதான் என்றால், அட்மிஷன் நாளில் போகாதீர்கள். அன்றைக்கு எல்லாம் வெள்ளையடித்திருக்கும். பெற்றோர் வரும் ஞாயிற்றுக்கிழமை மதியம் போங்கள். ஆபீஸில் உட்காராமல் நேராக மரத்தடிக்குப் போய், போன வருடம் சேர்த்த ஒரு அம்மாவிடம் நாலே கேள்வி கேளுங்கள். பிள்ளை வீட்டுக்குப் போன் பேச எத்தனை நாளுக்கு ஒரு தடவை விடுகிறார்கள்? காய்ச்சல் வந்தால் யார் கூட்டிப் போகிறார்கள்? பாதி வருடத்தில் நிறுத்தினால் பணம் எவ்வளவு திரும்ப வரும்? மார்க் குறைந்தால் செக்‌ஷன் மாற்றுவதை யாரிடம் சொல்வார்கள், உங்களிடமா, பிள்ளையிடமா? ஹாஸ்டலுக்கு அரசுப் பதிவு இருக்கிறதா என்று மட்டும் ஆபீஸில் கேட்டு, காகிதத்தைக் கண்ணால் பாருங்கள். பெண்கள் ஹாஸ்டலுக்கு அது கட்டாயம்.

அப்புறம் மெஸ் பக்கம் போய் யார் சமைக்கிறார்கள், எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பத்து வருடமாக ஒரே அம்மா இருந்தால் அந்த இடத்தை நம்பிக் கொஞ்சம் யோசிக்கலாம். வருடத்துக்கு ஒரு ஆள் மாறினால் திரும்பி பஸ் ஏறிவிடுங்கள்.